அட்சரகணிதம் நமக்கு அந்நியமன்று: சார்பு, நேர்கோடு, சுட்டி



வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதத்துக்காக நிற்கும் வேளையில் பெற்றோர் சிலர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "சின்ன வகுப்புகளில் நானே கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது பிள்ளை ஒன்பதாந் தரம். ஸ்லோப் என்கிறான், பங்ஷன் என்கிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனால் பக்கத்தில் இருப்பதையே விட்டுவிட்டேன்."

இப்படிச் சொல்பவர்களில் பலர் ஊரில் க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடைந்தவர்கள். ஸ்லோப் என்பது அவர்கள் படித்த படித்திறன். பங்ஷன் என்பது சார்பு. எக்ஸ்போனன்ட் என்பது சுட்டி. அவர்களுக்குத் தெரியாதவை இந்நாட்டுப் பெயர்கள் மாத்திரமே. அந்தப் பெயர்களுக்கு அஞ்சி அவர்கள் எழுந்து போவதால், பிள்ளை தனியே இருந்து தடுமாறுகிறது. தரம் 9 இல் நேரும் இத்தடுமாற்றம் பிள்ளையின் பிற்காலப் படிப்பையே திசை திருப்பக் கூடியது. அதனைக் கட்டுரையின் இறுதியில் விளக்குவேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம். தாயோ தந்தையோ பிள்ளையுடன் சேர்ந்திருந்து, கையில் பென்சிலோடு இதை வாசிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

தமிழில் வந்த அட்சரகணிதம்

அட்சரகணிதம் ஆங்கிலத்துக்கே உரியது என்று எம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அமெரிக்க மிஷனரிமார் 1823 ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினர். அங்கே கற்றவர்களுள் ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. அவர் 'வீசகணிதம்' என்ற பெயரில் தமிழிலே ஒரு நூல் எழுதினார். அது 1855 ஆம் ஆண்டு வெளிவந்தது. கனடாக் கூட்டாட்சி 1867 இல் உருவாவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே யாழ்ப்பாணத்தார் ஒருவர் எழுதிய அட்சரகணித நூல் தமிழில் இருந்தது. 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவர். ஒருவர் இந்த விசுவநாதபிள்ளை. மற்றவர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவரே.

'பீஜம்' என்ற வடசொல்லுக்கு விதை என்பது பொருள். வீசகணிதம் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இலங்கையில் நாம் படித்த பெயர் அட்சரகணிதம். அட்சரம் என்றால் எழுத்து. தெரியாத ஒரு தொகைக்கு ஓர் எழுத்தை இட்டு, தெரிந்ததைப் போலவே அதையும் கையாள்வதுதான் இப்பாடத்தின் உயிர்நாடி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் 'பீஜகணிதம்' எழுதிய பாஸ்கரர் தெரியாத தொகைகளுக்கு யா, கா, நீ என்ற எழுத்துகளைப் பயன்படுத்தினார். இன்று பாடசாலையில் எக்ஸ், வை என்று எழுதுகிறார்கள்.

இக்கட்டுரையில் தமிழ் எழுத்துகளையே இடுகிறேன். நுழையும் எண்ணுக்கு 'ந', வெளிவரும் எண்ணுக்கு 'வ'. க, உ போன்றவை தமிழ் இலக்கங்களாகவும் நிற்குமாதலால் அவற்றைத் தவிர்த்தேன். பிள்ளைகள் ந வரும் இடத்தில் எக்ஸ், வ வரும் இடத்தில் வை என்று தங்கள் கொப்பியில் மாற்றி எழுதிக்கொள்ளலாம். எழுத்து மாறினாலும் கணக்கு மாறாது.

முதற் பாடம்: சார்பு

அர்ச்சனை செய்யும்போது ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். பெயர் சொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திரம் உண்டு. ஒருவருக்கே ரோகிணியும் சுவாதியும் இருக்க முடியாது. இப்படி, உள்ளே கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒன்றே ஒன்று வெளியே வருமானால் அந்தத் தொடர்பைச் சார்பு என்கிறோம்.

இனி மறுபுறமாகப் பார்ப்போம். "ரோகிணி நட்சத்திரக்காரர் யார்?" என்று மண்டபத்தில் கேட்டால் பத்துப் பேர் கையை உயர்த்தக் கூடும். ஒரு நட்சத்திரத்தைக் கொடுத்தால் பலர் வருகிறார்கள். ஆகவே நட்சத்திரத்திலிருந்து ஆளுக்குப் போகும் தொடர்பு சார்பு அன்று. பலர் ஒரே நட்சத்திரத்தில் வந்து சேரலாம். ஒருவர் பல நட்சத்திரங்களுக்குப் பிரிந்து போகக் கூடாது. இதை மறவாத பிள்ளை, பரீட்சையில் "இது சார்பா?" என்ற வினாவுக்குத் தவறாக விடையெழுத மாட்டாது.

எண்களில் ஓர் உதாரணம். 2023 ஏப்ரலில் ரொறன்ரோ பஸ்ஸில் பெரியவர் ஒருவர் பிரெஸ்டோ அட்டையைத் தட்டினால் ஒரு பயணத்துக்கு 3.30 டொலர் கழிந்தது. ந பயணங்களுக்கான கட்டணத்தை ப(ந) என்று குறிப்போம்.

ப(ந) = 3.30 × ந

ப(ந) என்பது ப பெருக்கல் ந என்று பல பிள்ளைகள் தவறாக நினைக்கிறார்கள். இங்கே ப என்பது விதியின் பெயர். அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்த விதிக்குள் நுழையும் எண். ப(10) என்று கண்டால், ந இருக்கும் இடத்தில் 10 ஐப் பிரதியிடு என்று பொருள்.

ப(10) = 3.30 × 10 = 33 டொலர்.

அதே காலத்தில் மாத அட்டை 156 டொலர். எத்தனை பயணம் போனால் மாத அட்டை இலாபம்? இப்போது வெளிவரும் எண் தெரியும். நுழையும் எண் தெரியாது.

3.30 × ந = 156
ந = 156 ÷ 3.30 = 47.27 (இரண்டு தசம தானங்களுக்கு)

பிள்ளைகள் பலர் 47.27 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். 0.27 பயணம் என்று ஒன்று உண்டா? 47 பயணத்துக்கு 155.10 டொலர்; 48 பயணத்துக்கு 158.40 டொலர். ஆகவே ஒரு மாதத்தில் 48 அல்லது அதற்கு மேற்பட்ட பயணம் செய்பவருக்கே மாத அட்டை இலாபம். கணக்கின் விடையை வாழ்க்கைக்குத் திருப்பிக் கொண்டுவருவதும் கணக்கின் ஒரு பகுதி. ரெக்ஸ்டேலிலிருந்து நாள்தோறும் வேலைக்குப் போய் வரும் பெற்றோருக்கு இது நன்றாகவே தெரியும். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இரண்டாம் பாடம்: நேர்கோடு

கனடாவின் வானிலை அறிக்கைகள் 1975 ஏப்ரல் 1 ஆம் திகதி செல்சியஸுக்கு மாறின. ஆனால் வீட்டு அடுப்பும் சில காய்ச்சல்மானிகளும் இன்னும் பரனைற் பேசுகின்றன. இரண்டையும் இணைப்பது ஒரு நேர்கோடு. செல்சியஸை ந என்றும் பரனைற்றை வ என்றும் கொண்டால்:

வ = 1.8 × ந + 32

ஊரில் நாங்கள் 'வை சமன் எம் எக்ஸ் சக சீ' என்று பாடமாக்கினோம். ஒன்ராறியோப் பாடசாலையில் கடைசி எழுத்து 'சீ' அன்று, 'பீ'. பெற்றோர் சீ என்று சொல்ல, பிள்ளை "அப்படி ஒன்று எங்கள் புத்தகத்தில் இல்லை" என்று சொல்லி எழுந்து போவதை நான் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றே. கோடு நிலைக்குத்து அச்சை வெட்டும் இடத்தையே அந்த எழுத்து குறிக்கிறது. நாங்கள் அதை வெட்டுத்துண்டு என்றோம். இங்கே இன்டர்செப்ட் என்கிறார்கள்.

மேலுள்ள சமன்பாட்டில் வெட்டுத்துண்டு 32. அதாவது ந பூச்சியமாக இருக்கும்போது வ 32. நீர் உறையும் நிலை அதுவே. படித்திறன் 1.8. அதாவது செல்சியஸ் ஒரு பாகை ஏறினால் பரனைற் 1.8 பாகை ஏறும். வகுப்பில் இதை மாற்ற வீதம் என்ற பொருளிலும், வெட்டுத்துண்டைத் தொடக்கப் பெறுமானம் என்ற பொருளிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பொருளோடு சொல்வதால் அது நல்ல முறையே.

சரிபார்ப்போம். 10 பாகை செல்சியஸ்: 1.8 × 10 + 32 = 50. இருபது பாகை: 1.8 × 20 + 32 = 68. முதலில் பெருக்கி, பிறகே கூட்ட வேண்டும். 10 ஐயும் 32 ஐயும் முதலில் கூட்டிவிட்டால் விடை பிழைத்துப் போகும்.

இந்த இரண்டு புள்ளிகளையும் கொண்டு படித்திறனைத் திரும்பப் பெறலாம். ஒரு புள்ளி (10, 50). மற்றது (20, 68).

படித்திறன் = (68 − 50) ÷ (20 − 10) = 18 ÷ 10 = 1.8

மேலே வ வித்தியாசம், கீழே ந வித்தியாசம். எந்தப் புள்ளியிலிருந்து மேலே தொடங்கினீர்களோ, கீழேயும் அதே புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும். மேலே 68 − 50 என்றும் கீழே 10 − 20 என்றும் எழுதினால் அடையாளம் மாறி, ஏறும் கோடு இறங்கும் கோடாகிவிடும். படித்திறனில் புள்ளிகள் பறிபோவது பெரும்பாலும் இந்த இடத்திலேதான்.

பிள்ளைக்குக் காய்ச்சல், மானி 100.4 என்று காட்டுகிறது. செல்சியஸில் எவ்வளவு?

1.8 × ந + 32 = 100.4
1.8 × ந = 68.4
ந = 38

கடைசியாகக் கூட்டியதை முதலில் கழித்தோம். முதலில் பெருக்கியதைக் கடைசியில் வகுத்தோம். சேலைக் கடையில் மடித்த சேலையை விரிப்பது போல, மடித்த ஒழுங்குக்கு எதிர் ஒழுங்கில் விரிக்க வேண்டும். எளிய சமன்பாடு தீர்ப்பது முழுவதும் இதுவே.

இனி இரண்டு கோடுகள் சந்திக்கும் கணக்கு. ஒரு பிறந்தநாள் விழாவுக்கு மண்டபம் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மண்டபத்தார் வாடகையையும் ஆளுக்கான சாப்பாட்டையும் பிரித்துச் சொல்லவில்லை. 60 பேருக்கு 1,120 டொலர், 100 பேருக்கு 1,600 டொலர் என்று மட்டும் சொன்னார்கள். இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டன.

படித்திறன் = (1,600 − 1,120) ÷ (100 − 60) = 480 ÷ 40 = 12

ஆளுக்கு 12 டொலர். 60 பேருக்குச் சாப்பாடு 720 டொலர். மீதி 1,120 − 720 = 400 டொலர் மண்டப வாடகை. ஆகவே வ = 12ந + 400.

இரண்டாம் மண்டபத்தில் வாடகை 150 டொலர், ஆளுக்கு 17 டொலர். அதாவது வ = 17ந + 150. எது மலிவு? இரண்டும் சமமாகும் இடத்தைக் காண்போம்.

12ந + 400 = 17ந + 150
250 = 5ந
ந = 50

ஐம்பது பேர் வந்தால் இரண்டிலும் 1,000 டொலர். ஐம்பதுக்குக் குறைந்தால் இரண்டாம் மண்டபம் மலிவு. கூடினால் முதல் மண்டபம் மலிவு. நம்மவர் விழாவுக்கு ஐம்பது பேர்தான் வருவார்களா என்பது வேறு கேள்வி! இதையே ஊரில் ஒருங்கமை சமன்பாடுகள் என்று படித்தோம். பிள்ளை இரண்டு கோடுகளையும் வரைபுத்தாளில் வரைந்து, அவை (50, 1,000) என்ற புள்ளியில் வெட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிள்ளைக்கு மனப்பாடம் தேவைப்படாது.

மூன்றாம் பாடம்: சுட்டி

2 × 2 × 2 × 2 × 2 என்பதைச் சுருக்கி 2⁵ என்று எழுதுகிறோம். 2 அடி; 5 சுட்டி.

எம் முன்னோர் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. அந்த முந்திரியையும் 320 ஆகப் பிரித்தால் அதில் ஒன்று கீழ்முந்திரி. அது ஒன்றில் எத்தனையில் ஒரு பங்கு? 320 × 320. இதைச் சுட்டி கொண்டு செய்து பார்ப்போம்.

320 = 64 × 5 = 2⁶ × 5
320² = (2⁶ × 5)² = 2¹² × 5² = 4,096 × 25 = 102,400

கீழ்முந்திரி என்பது 102,400 இல் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த சிறுவர் இப்பின்னங்களை மனப்பாடமாகச் சொன்னார்கள். இன்றைய பிள்ளை முந்திரியை 320⁻¹ என்றும், கீழ்முந்திரியை 320⁻² என்றும் எழுதலாம்.

விதிகள் இவை. அடி ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முதல் மூன்றுக்கும் நிபந்தனை.

பெருக்கும்போது சுட்டிகளைக் கூட்டுக: 2³ × 2⁴ = 2⁷.
வகுக்கும்போது சுட்டிகளைக் கழிக்க: 2⁷ ÷ 2⁴ = 2³.
வலுவுக்கு வலு வந்தால் சுட்டிகளைப் பெருக்குக: (2³)⁴ = 2¹².
சுட்டி பூச்சியமானால் விடை 1: 2⁰ = 1. அடி பூச்சியமாக இருத்தல் ஆகாது.
சுட்டி மறை எண்ணானால் தலைகீழாக்குக: 2⁻³ = 1/8.

கடைசி இரண்டையும் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். "ஒன்றையும் பெருக்காமல் எப்படி ஒன்று வரும்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். 2³ இலிருந்து கீழே இறங்கி வரச் சொல்லுங்கள்: 8, 4, 2. ஒவ்வொரு படியிலும் சுட்டி ஒன்றால் குறைகிறது, விடை பாதியாகிறது. அடுத்த படி 2⁰. இரண்டின் பாதி ஒன்று. அதற்கடுத்த படி 2⁻¹. ஒன்றின் பாதி அரை. பிறகு கால், அரைக்கால். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று, அதாவது 2⁻³. அம்மம்மா சொன்ன அரைக்காலும் ஆசிரியர் எழுதும் மறைச் சுட்டியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழைகள் மூன்று.

ஒன்று: 2³ × 2⁴ ஐ 4⁷ என்று எழுதுவது. அடியைப் பெருக்கக் கூடாது. 8 × 16 = 128; 2⁷ உம் 128. ஆனால் 4⁷ என்பது 16,384.

இரண்டு: −3² க்கும் (−3)² க்கும் வேறுபாடு காணாமை. முதலாவது −9, இரண்டாவது 9. அடைப்புக்குறி இல்லாவிட்டால் சுட்டி 3 க்கு மட்டுமே உரியது.

மூன்று: (ந + 3)² ஐ ந² + 9 என்று எழுதுவது. ந க்குப் பதிலாக 1 ஐப் பிரதியிட்டுப் பாருங்கள். (1 + 3)² = 16. ஆனால் 1 + 9 = 10. சரியான விரிவு ந² + 6ந + 9. இதில் 1 ஐ இட்டால் 16 வருகிறது. ஐயம் வரும்போதெல்லாம் ஒரு சிறிய எண்ணை இட்டுச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் பிள்ளைக்கு ஒரு காவல்.

கோடும் சுட்டியும்: கடன் கணக்கு

நேர்கோட்டு வளர்ச்சிக்கும் சுட்டி வளர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு குடும்பம் அறியாமலிருந்தால் அதற்குப் பணத்தால் விலை கொடுக்க நேரும். 1,000 டொலர் கடன், ஆண்டுக்கு 20 வீத வட்டி. இடையில் ஒன்றும் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

எளியவட்டியானால், வ = 1,000 + 200ந. இது நேர்கோடு. ஆண்டுதோறும் 200 மட்டும் ஏறும்.
ஆண்டுதோறும் சேரும் கூட்டுவட்டியானால், வ = 1,000 × 1.2 இன் ந ஆம் வலு. இங்கே ந சுட்டியில் ஏறி நிற்கிறது.

நான்கு ஆண்டில்: எளியவட்டியில் 1,800 டொலர், கூட்டுவட்டியில் 1,000 × 1.2⁴ = 2,073.60 டொலர்.
எட்டு ஆண்டில்: எளியவட்டியில் 2,600 டொலர், கூட்டுவட்டியில் 1,000 × 1.2⁸ = 4,299.82 டொலர்.

முதல் ஆண்டின் முடிவில் இரண்டும் 1,200. ஆரம்பத்தில் வேறுபாடு தெரிவதில்லை. அதுவே இதிலுள்ள ஆபத்து. பல கடனட்டைகளின் வட்டி ஆண்டுக்கு 20 வீதத்தை அண்டியே இருக்கிறது. அங்கே வட்டி மாதந்தோறும் சேர்வதால் தொகை இன்னும் விரைவாக ஏறும்.

இன்னுமொன்று. "மாதம் நூற்றுக்கு ஐந்து" என்று கைமாற்று வாங்கும் வழக்கம் ஊரில் இருந்தது. கேட்கும்போது ஐந்து என்பது சிறிய எண். அது ஆண்டுக்கு 60 வீதம். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் 1.05 இன் 12 ஆம் வலு, ஏறத்தாழ 1.796. அதாவது ஆயிரம் டொலர் ஓராண்டில் 1,796 டொலரைத் தொடும். கனடாவின் குற்றவியற் சட்டம் 2025 ஜனவரி 1 முதல், சில விதிவிலக்குகள் தவிர, ஆண்டுக்கு 35 வீதத்துக்கு மேற்பட்ட வட்டியைக் குற்றமாகக் கொள்கிறது. ஒன்பதாந் தரப் பிள்ளை செய்யக்கூடிய இக்கணக்கைச் செய்து பார்க்காமல் கையெழுத்து வைப்பவர்கள் எம்மவரிலும் உண்டு.

சேமிப்பிலும் இதே சுட்டிதான் வேலை செய்கிறது. கடன்காரருக்குப் பகையாக நிற்பது சேமிப்பவருக்கு நண்பனாகிறது. பிள்ளையின் படிப்புக்கு முதல் வயதிலேயே போடும் நூறு டொலருக்கும் பதினைந்தாம் வயதில் போடும் நூறு டொலருக்கும் உள்ள வேறுபாடு, சுட்டியில் நிற்கும் எண்ணின் வேறுபாடே.

தரம் 9 ஏன் முக்கியம்?

ஒன்ராறியோவில் 2021 செப்டம்பர் முதல் தரம் 9 கணிதம் எல்லா மாணவருக்கும் ஒரே பாடமாக இருக்கிறது. அதற்கு முன் அகடெமிக், அப்ளைட் என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அந்தப் பிரிவு தரம் 10 கணிதத்தில் வருகிறது. எந்தப் பிரிவு என்பதைப் பிள்ளை தரம் 9 இல் படிக்கும்போதே தெரிவு செய்கிறது.

அகடெமிக் கணிதம் முடித்த பிள்ளை தரம் 11 இல் பல்கலைக்கழகத்துக்கான பங்ஷன்ஸ் பாடத்தை எடுக்கலாம். அதன் வழியாகத் தரம் 12 இல் அட்வான்ஸ்ட் பங்ஷன்ஸ், கல்குலஸ் பாடங்களுக்குப் போகலாம். பொறியியல், கணினி விஞ்ஞானம் போன்ற துறைகள் கேட்பவை இவையே. அப்ளைட் கணிதம் எடுத்த பிள்ளை அந்தப் பங்ஷன்ஸ் பாடத்துக்கு நேராகப் போக முடியாது. திரும்பி வந்து இன்னொரு பாடம் படிக்க நேரும்.

அப்ளைட் எடுப்பது குறை என்று நான் சொல்ல வரவில்லை. தொழிற்கல்விக்கும் கல்லூரிக்கும் அது தகுந்த வழி. பிள்ளை விரும்பித் தெரிந்தெடுத்தால் மகிழ்ச்சியே. ஆனால் படித்திறனில் இரண்டு வாரம் பின்தங்கி, "எனக்குக் கணக்கு வராது" என்று தானே முடிவு செய்து, பெற்றோர் படிவத்தைப் படிக்காமல் கையொப்பமிட்டு, அதனால் ஒரு கதவு மூடக் கூடாது. கையொப்பமிடும் முன் பாடசாலையின் வழிகாட்டி ஆசிரியரைச் சந்தித்து, இந்தப் பாடம் எங்கே கொண்டு போகும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது எமது உரிமை.

பெற்றோர் செய்யக் கூடியவை

முதலாவது, பக்கத்தில் இருங்கள். வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் போதும். வீட்டில் சந்தடியானால் அல்பியன் வீதி நூலகம் இருக்கிறது. 2017 இல் புதிதாகக் கட்டித் திறந்த கட்டடம்.

இரண்டாவது, விடையைக் கேட்காமல் வழியைக் கேளுங்கள். "ஏன் இரண்டு பக்கமும் 32 ஐக் கழித்தாய்?" என்று தமிழிலே கேளுங்கள். பிள்ளை ஆங்கிலம் கலந்து சொல்லட்டும். பிறருக்கு விளக்கும்போதுதான் தனக்கு விளங்காத இடம் தெரியவரும்.

மூன்றாவது, விடையைச் சமன்பாட்டில் பிரதியிட்டுச் சரிபார்க்கச் செய்யுங்கள். ஆசிரியர் திருத்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

நான்காவது, இந்தச் சொற்களைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள்:

சமன்பாடு — ஈக்குவேஷன்
மாறி — வேரியபிள்
சார்பு — பங்ஷன்
படித்திறன் — ஸ்லோப்
வெட்டுத்துண்டு — இன்டர்செப்ட்
ஆள்கூறு — கோஓர்டினேற்
வரைபு — கிராவ்
அடி — பேஸ்
சுட்டி — எக்ஸ்போனன்ட்
கூட்டுவட்டி — கொம்பவுண்ட் இன்ரறெஸ்ற்

ஒரு மாதத்தில் பெற்றோருக்கு ஆங்கிலச் சொல் பழகிவிடும். பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் பழகிவிடும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

பயிற்சி

1. ப(ந) = 4ந − 7 எனின், ப(5) ஐக் காண்க. ப(ந) = 21 எனின் ந யாது?
2. (2, 5), (6, 17) என்னும் புள்ளிகளூடாகச் செல்லும் நேர்கோட்டின் சமன்பாட்டை எழுதுக.
3. 25 பாகை செல்சியஸைப் பரனைற்றிலும், 104 பாகை பரனைற்றைச் செல்சியஸிலும் தருக.
4. செல்சியஸும் பரனைற்றும் ஒரே எண்ணைக் காட்டும் வெப்பநிலை யாது? (குறிப்பு: வ க்குப் பதிலாகவும் ந என்றே எழுதுக.)
5. சுருக்குக: 3⁵ × 3² ÷ 3⁴, (2³)², 5⁰ + 2⁻².
6. 500 டொலர், ஆண்டுக்கு 10 வீதம், மூன்று ஆண்டு. எளியவட்டிக்கும் ஆண்டுதோறும் சேரும் கூட்டுவட்டிக்கும் உள்ள வித்தியாசம் என்ன?

விடைகள் (செய்து முடித்த பின்னரே பார்க்கவும்)

1. 13, 7. 2. வ = 3ந − 1. 3. 77, 40. 4. −40. 5. 27, 64, 1¼. 6. 650 டொலர், 665.50 டொலர், வித்தியாசம் 15.50 டொலர்.

நான்காம் கணக்கின் விடை மறை எண்ணாக வருவதைக் கண்டு பிழையென்று அழித்துவிட வேண்டாம். பிரதியிட்டுப் பாருங்கள்: 1.8 × (−40) + 32 = −72 + 32 = −40. சரியாக வருகிறது.

விஜயதசமியன்று அரிசியில் 'அ' எழுதப் பிள்ளையின் கையைப் பிடித்தோம். அன்று பிடித்த கையை ஒன்பதாந் தரத்தில் விடவேண்டிய தேவை இல்லை. எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவருள் எங்கள் பிள்ளைகளுக்குத் துணை நிற்பதாக.